ஜாராவுக்கும் திராவோரேவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை

"அவனை என்னன்னு திட்டினே?"

"அடிமைன்னு சொன்னேன், கோச்."

கோச் ரவூஃப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ அவிழ்த்துப் போட்ட ஈரச் சட்டையின் மேல் உட்கார்ந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"வேற?"

"காராமணி தின்னின்னு சொன்னேன்."

"வேற?"

"அவன் அப்பா, தாத்தா, மொத்தப் பரம்பரையுமே காராமணி தின்னிங்கன்னு. எப்பவும் சொல்றதுதான் கோச். புதுசா ஒண்ணும் சொல்லலை."

"எப்பவும் சொல்றதா? அப்ப இது முதல் தடவை இல்லையா?"

"எப்படி முதல் தடவையா இருக்கும்? அவன் திராவோரே. நான் ஜாரா."

இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும் என்று செரிபா ஜாராவுக்குத் தோன்றவில்லை. அவன் பிறந்த சேகு ஊரில் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் போதும், கைக்குழந்தைகூடச் சிரித்துவிடும். ஆனால் இது மாலி இல்லை, துனிசியா. ரஸ் ஸம்ரா என்ற கடலோர ஊரின் அணிக்காக அவன் கோல் போட வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம் அன்றைக்குச் சொந்த மண்ணில். எதிரே வாதி ஹஜர் அணி. அதன் தடுப்பாட்டக்காரன் நூஹும் திராவோரே, ஆறடிக்கு மேல் வளர்ந்த மாலிக்காரன். இருவரும் ஆரம்ப விசில் ஊதியதிலிருந்து பாதி பம்பரா மொழியிலும் பாதி பிரெஞ்சிலும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஓடினார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் நடுவர் திரும்பிப் பார்த்தபோது செரிபாவின் வாயில் பிரெஞ்சுப் பாதி இருந்தது. சிவப்பு அட்டை.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. அடுத்த ஆட்டம் வாதி ஹஜரில். அட்டை செல்லும் என்றால் செரிபா அதில் ஆட முடியாது.

"சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் கோச். "அவனை அடிமைன்னு சொன்னே. அவன் ஏன் சிரிச்சான்?"

"சிரிக்காம? எங்க ஊர்ல குலத்துக்குக் குலம் கேலி முறை இருக்கு, கோச். ஜாராவுக்குத் திராவோரே. அடிமை, காராமணி தின்னி, ரெண்டுமே அதுல வழக்கமான வசவு. எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கலாம். கோபப்பட மட்டும் உரிமை கிடையாது. வண்டியை நிறுத்துற போலீஸ்காரன் திராவோரேன்னு தெரிஞ்சா, 'டேய் காராமணி, வழியை விடு'ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்."

"அவன் விட்டுடுவானா?"

"திருப்பி நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவான். எங்க அப்பா இறந்தப்போ பக்கத்து வீட்டுத் திராவோரே வந்து நின்னுக்கிட்டு, 'இவன் சாகலை, என் வயல்ல வேலை செய்யப் பயந்து நடிக்கிறான், எழுப்புங்கடா'ன்னு கத்தினான். காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காத எங்க அம்மா அப்பத்தான் சிரிச்சாங்க. சிரிச்சிட்டுத்தான் தண்ணி கேட்டாங்க."

 கோச் ரவூஃப் எழுந்தார். கால்சட்டையின் பின்புறம் நனைந்திருப்பதைத் தடவிப் பார்த்தார்.

"இதை நான் ஹாஜ் தய்யிப்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஹாஜ் தய்யிப்தான் அணியின் தலைவர். ஆலிவ் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். எதையும் இரண்டு முறை பிழிந்து பார்க்காமல் விடமாட்டார். செரிபாவிடம் அவர் பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்: "உனக்கு முப்பத்திரண்டு வயசு, முட்டி ஒண்ணு சரியில்லை. ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போ, இன்னொரு வருஷம் இரு. இல்லையா, உங்க நாட்டுப் பமாக்கோவுக்கு விமானம் ஏறு. கோபம் இல்லை, வருத்தம் இல்லை."

பமாக்கோவில் தொடங்கி அபிஜான், திரிபோலி, மஸ்கட் என்று செரிபா பதினோரு வருஷமாகப் பந்தின் பின்னால் ஓடியிருக்கிறான். ஒரு இடத்தில் அணியே கலைந்தது. ஒரு இடத்தில் பயிற்சியாளர் மாறினார், புதியவருக்கு உயரமானவன் வேண்டுமாம். ஒரு இடத்தில் முட்டி. கோல் போடாமல் எங்கேயும் இருந்ததில்லை. ஆனால் ஒரு ஃபைனலில்கூட ஆடியதில்லை. இன்னும் ஒரு வருஷம் மட்டும் கிடைத்தால் போதும் என்று அவன் நினைக்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது.

அன்று மாலை சேகுவிலிருந்து அவன் மனைவி நியெலே கூப்பிட்டாள். சிவப்பு அட்டைச் செய்தி அவளுக்கு முன்பே போய்விட்டிருந்தது. சேகு முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறதாம்.

"ஒரு ஜாரா திராவோரேவைத் திட்டினதுக்கா அட்டை குடுத்தாங்க? அந்த நாட்டுல வேற குற்றமே நடக்கிறதில்லையா?"

"சிரிக்காதே. அட்டையை ரத்து பண்ணலைன்னா நான் வீட்டுக்குத்தான் வரணும்."

"வா. வந்து என்ன பண்ணுவே? கோழி துரத்துவியா?"

"நியெலே."

"சரி, சரி. விசாரணை எப்போ?"

"வியாழக்கிழமை. தலைநகர் தூனிஸ்ல."

"திராவோரேவைக் கூப்பிடு. வந்து ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லு. ஜாரா கேட்டா திராவோரேவால முடியாதுன்னு சொல்ல முடியாது."

"அதுதான் சிக்கல். ஒரு தடவை கேட்டுட்டா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவான். அவன் பிள்ளைங்க என் பிள்ளைங்ககிட்ட சொல்லிக் காட்டும்."

"சொல்லிக் காட்டட்டும். நீ மைதானத்துல இருந்துக்கிட்டு அதைக் கேட்டுக்கோ. கோழிக்கூண்டு பக்கத்துல உட்கார்ந்து கேக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

இரண்டு நாள் செரிபா தள்ளிப்போட்டான். செவ்வாய்க்கிழமை இரவு தேநீர் வைத்தான். குடித்தான். இரண்டாம் தடவை சர்க்கரை கூடப் போட்டுக் காய்ச்சிக் குடித்தான். அதற்கு மேல் தள்ளிப்போட வழி இல்லாமல் திராவோரேவைக் கூப்பிட்டான்.

"யாரு?" என்றான் திராவோரே, யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

"உன் எஜமான்."

"எஜமானுங்க யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்களே. எங்கிட்ட வேலை செய்யறவன் ஒருத்தன் இருந்தான், குட்டையா, கால் வளைஞ்சு. போன ஞாயித்துக்கிழமை அவனை மைதானத்தைவிட்டே துரத்திட்டாங்க. அவனா நீ?"

"வியாழக்கிழமை தூனிஸுக்கு வரியா?"

"வரேனே. எங்க தலைவர் ஸி பெஷீர் என்னைக் கூட்டிட்டு வரார். உனக்கு எதிரா சாட்சி சொல்ல."

செரிபா காலிக் குவளையைக் கீழே வைத்தான்.

"எனக்கு மூணு நாளா சொல்லித் தரார்," என்றான் திராவோரே உற்சாகமாக. "நான் ரொம்ப மனசு நொந்து போயிருக்கணுமாம். தூக்கம் வரலைன்னு சொல்லணுமாம். சாப்பாடு இறங்கலைன்னு சொல்லணுமாம். கண்ணைத் துடைச்சுக்கணுமான்னு கேட்டேன். வேணாம், அது அதிகம்னுட்டார்."

"நீ என்ன சொல்லப் போறே?"

"உண்மையைத்தான் சொல்லப் போறேன். எங்க குலத்துல பொய் சொல்ற பழக்கம் கிடையாது. அதெல்லாம் காராமணி தின்னிங்க பண்றது."

"திராவோரே, இது விளையாட்டு இல்லை. என்னோட ஒரு வருஷம் இதுல இருக்கு."

"அப்ப ஒழுங்காக் கேளு. 'திராவோரே, எஜமானே, காராமணி தின்னியான நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்'னு சொல்லு."

செரிபா வாயைத் திறந்தான். முட்டி வலியோடு ஓட முடிந்தவனுக்கு, வெயிலில் நோன்போடு ஓட முடிந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது.

"ஜாரா கேக்கறேன். வா. அவ்வளவுதான்," என்றான்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இவ்வளவு கர்வம் பிடிச்ச அடிமையை நான் பார்த்ததே இல்லை," என்று சொல்லிவிட்டுத் திராவோரே வைத்துவிட்டான். வருவதற்குச் சம்மதமா, எந்தப் பக்கம் பேசுவான், ஒன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால், குழுவின் இரண்டு உறுப்பினர்களுக்கு நடுவில் மதாம் ஜலீலா உட்கார்ந்திருந்தார். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்ப்பவர். ஒரு பக்கம் நடுவர். அவர் நேர்மையான மனுஷன். அன்றைய ஆட்டத்தில் 'இனவெறிக்கு இடமில்லை' என்று எழுதிய பட்டையைக் கையில் மட்டுமல்ல, மனசிலும் கட்டிக்கொண்டவர். இந்தப் பக்கம் கோச் ரவூஃப், ஹாஜ் தய்யிப், நடுவில் பிடித்து வைத்தாற்போல் செரிபா. அந்தப் பக்கம் வாதி ஹஜர் தலைவர் ஸி பெஷீர். அவருக்குப் பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போலத் திராவோரே.

முதலில் ஸி பெஷீர் எழுந்தார்.

"மதாம், என் ஆட்டக்காரர் நொறுங்கிப் போயிருக்கார். அன்னியிலேர்ந்து சரியா சாப்பிடலை. தூங்கலை. தகப்பன் ஸ்தானத்துல இருந்து சொல்றேன், பார்க்கவே எனக்குத் தாங்கலை."

மதாம் ஜலீலா திராவோரேவைப் பார்த்தார். "இவர் உங்களை அடிமைன்னு சொன்னாரா?"

"சொன்னான், மதாம்."

 ஹாஜ் தய்யிப் செரிபாவின் பக்கம் திரும்பவேயில்லை.

"அதைக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பாவமா இருந்துச்சு."

"உங்க நிலைமையை நினைச்சா?"

"அவன் நிலைமையை நினைச்சு. அவன்தானே என் அடிமை. அது மறந்து போய் ஊர் ஊராப் பந்து உதைச்சிட்டு அலையறான். எங்க வயல்ல களை மண்டிக் கிடக்கு."

ஸி பெஷீர் இருமினார். திராவோரே கருணையோடு அவருக்குத் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தான்.

மதாம் ஜலீலா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "அப்படின்னா, நீங்களும் அவரை அப்படிச் சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா, மதாம்? அவன் ஒரு தடவை சொன்னா நான் ரெண்டு தடவை சொல்வேன். டிஃபெண்டரா நிக்கறவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு?"

"என் காதுல அது விழலையே," என்றார் நடுவர்.

"நீங்க பந்துக்குப் பின்னால ஓடிட்டு இருந்தீங்க, சார். அவன் குரல் சந்தையில ஆடு விக்கறவன் குரல், நாலு தெருவுக்குக் கேக்கும். நான் நல்ல குடும்பத்துல பொறந்தவன். மெதுவாத்தான் திட்டுவேன்."

"டேய், உங்க அப்பன் ஆடு மேய்ச்சது எனக்குத் தெரியாதா?" என்று செரிபாவின் வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கோச் ரவூஃப் அவன் காலை மிதித்தார்.

மதாம் ஜலீலா இரு பக்கமும் இருந்த உறுப்பினர்களிடம் குனிந்து ஏதோ பேசினார். பிறகு நிமிர்ந்தார். "விதி ரொம்ப எளிசு. சொன்னது குற்றம்னா ரெண்டு பேரும் சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் தடை. அடுத்த ஆட்டத்துல ரெண்டு பேருமே கிடையாது."

திராவோரே இல்லாத வாதி ஹஜர் அணி கதவில்லாத வீடு. அது ஸி பெஷீருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"மதாம், அவசரப்பட வேணாம். இது அவங்க நாட்டோட ரொம்பப் பழைய, ரொம்ப அழகான பழக்கம். இப்படியெல்லாம் பாசம் காட்டறது நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

"இப்பத்தான் இவர் நொறுங்கிப் போயிட்டார்னு சொன்னீங்க."

"அது வேற. ஊர் ஞாபகம்."

"சாப்பிடலைன்னீங்க."

"வயிறு சரியில்லாம இருந்திருக்கும்."

"என் வயிறு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் திராவோரே மனம் புண்பட்டவனாக. "அன்னிக்கே ரெண்டு தட்டு கஃப்தாஜி சாப்பிட்டேன். முட்டை தனியா."

அறையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஹாஜ் தய்யிப்பாகத்தான் இருக்க வேண்டும். மதாம் ஜலீலா மட்டும் சிரிக்கவில்லை. செரிபாவிடம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வரும் வழியெல்லாம் கோச் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மன்னிப்பு வாக்கியம் ஒன்று இருந்தது. செரிபா அதைத் தேடினான். கிடைக்கவில்லை.

"மதாம், போன குளிர்காலத்துல ஒரு ஊருக்கு ஆடப் போனோம். நான் கார்னர் பக்கம் போனப்பல்லாம் கேலரியில ஒரு கூட்டம் இதே சொல்லைச் சொல்லிக் கத்துச்சு. பாட்டு மாதிரி, தாளம் போட்டு. அன்னிக்கு யாரும் விசில் ஊதலை. நான் ஆடி முடிச்சிட்டு வந்துட்டேன். என் காதுக்குத் தெரிஞ்சு அந்தச் சொல்லுக்கு விசில் ஊதினது இதுதான் முதல் தடவை. அதுவும் என்மேலயே ஊதிட்டாங்க."

நடுவர் மெல்லிய குரலில், "அந்த ஆட்டத்துக்கு நான் நடுவர் இல்லை," என்றார்.

"தெரியும், சார். நீங்க இருந்திருந்தா ஊதியிருப்பீங்க. உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை."

 திராவோரே கோட்டுப் பொத்தானைக் கழற்றினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"இவனைத் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு, மதாம். எங்க தாத்தனுங்க குடுத்துட்டுப் போன உரிமை. இவன் வீட்டுல சாவு விழுந்தா நான்தான் போய் நிக்கணும். இவன் பசின்னு வந்தா என் தட்டுல பாதி இவனுக்கு. அதனால திட்டறேன். கேலரியில கத்தினவன் யாரு? அவனுக்கும் இவனுக்கும் என்ன உறவு? அவன் எந்த உரிமையில திட்டினான்?"

மதாம் ஜலீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார்.

தீர்ப்பு சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. சிவப்பு அட்டை ரத்து. இருவரும் ஆடலாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆட்டம் முழுவதும் மைதானத்துக்குள் ஜாராவும் திராவோரேவும் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கேட்பவர்களுக்கு எல்லாம் இந்த முறை விளங்காது, வீண் கலவரம் வேண்டாம் என்பது மதாமின் கருத்து.

வாசலில் ஹாஜ் தய்யிப் செரிபாவின் தோளைத் தட்டினார். "சுலபமான நிபந்தனை. வாயை மூடிட்டு ஓடு."

செரிபாவும் திராவோரேவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு வார்த்தை கூடவா?" என்றான் திராவோரே.

"ஒரு வார்த்தை கூட."

"எங்க பெரியப்பா மூணு வருஷம் பெரியம்மாகூடப் பேசாம இருந்தார். ஆனா ஜாராகூடப் பேசாம ஒரு நாள் இருந்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமை வாதி ஹஜரில் இருவரும் எதிரெதிராக நின்றபோது செரிபா பார்வையைப் புல்லின் மேல் வைத்துக்கொண்டான். பார்த்தால் பேச்சு வந்துவிடும். திராவோரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைகுலுக்கும்போதும் ஊமைகள் போலக் குலுக்கிக்கொண்டார்கள்.

இதை எல்லோரும் பார்த்தார்கள். போன வாரம் சிவப்பு அட்டை, நடுவில் தூனிஸில் விசாரணை, இப்போது முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இரண்டு அணிக்கும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சண்டை பெரிய சண்டைதான்.

"அவன் உன்னை ஏதாவது பண்ணிடுவானா?" என்று பக்கத்தில் ஆடிய இளைஞன் செரிபாவிடம் கேட்டான்.

"அதெல்லாம் இல்லை. நாங்க சொந்தக்காரங்க மாதிரி."

"சொந்தக்காரங்கதான் குத்திக்குவாங்க," என்று சொல்லிவிட்டு, அந்தப் பையன் செரிபாவுக்கு ஆதரவாகப் போய் வாதி ஹஜர்காரன் ஒருவனின் கணுக்காலில் ஒரு உதை விட்டான். அவர்கள் திருப்பி இரண்டு விட்டார்கள். கேலரி எழுந்து நின்றது. பந்தைவிடக் கால்கள்தான் அதிகம் அடி வாங்கின.

செரிபாவுக்கோ ஓட்டமே வரவில்லை. முதுகுக்குப் பின்னால் திராவோரேவின் மூச்சு கேட்கிறது, ஆனால் பேச்சு இல்லை. காதுக்குள் யாரும் திட்டாமல் கால் எழுவதில்லை என்பது அவனுக்கே புதுச் செய்தி. நல்ல பந்து ஒன்று வந்தது, கோல் கம்பத்துக்கு மேலே மேகத்துக்கு அனுப்பிவைத்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் ஹாஜ் தய்யிப் விமான நிறுவனத்துக்குப் பேசப் போகிறவர் போலப் போனைக் கையில் எடுத்ததை அவன் பார்த்தான்.

இடைவேளை முடிந்தும் அதே கதி. ஒரு வாதி ஹஜர்காரனும் ஒரு ரஸ் ஸம்ராக்காரனும் மூக்கோடு மூக்கு உரசி நின்றார்கள். பத்துப் பேர் ஓடினார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று மேலிருந்து வந்து விழுந்தது. நடுவர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்துப் போனவராக எல்லோரையும் விலக்கிவிட்டு, செரிபாவையும் திராவோரேவையும் தனியாகக் கூப்பிட்டார். போன ஆட்டத்தின் அதே நடுவர்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுங்க," என்றார்.

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"ஏதாவது பேசுங்கய்யா. நீங்க உர்ருனு இருக்கறதைப் பார்த்துத்தான் எல்லாரும் அடிச்சுக்கறாங்க. போன தடவை நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்க, இந்தத் தொல்லை ஒண்ணும் இல்லை."

"மதாம் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே," என்றான் திராவோரே, வானத்தைப் பார்த்து.

"மைதானத்துக்குள்ள நான்தான் மதாம். பேசுங்க."

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அடக்கி வைத்தது. திடீரென்று மடையைத் திறந்துவிட்டால் எந்த வார்த்தை முதலில் வரும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"எப்படி இருக்கே, அடிமை?" என்றான் திராவோரே, ரொம்ப மரியாதையாக.

"உன் மூஞ்சியைப் பார்க்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்."

"அந்தப் பந்தை ஏன் மேகத்துக்கு அனுப்பினே? அங்க யாராவது காராமணி விக்கறாங்களா?"

"உங்க பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பசியில இருக்கார்னு சொன்னாங்க."

திராவோரே தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மைதானத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மூக்கு உரசி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செரிபாவின் கையைத் திராவோரே தட்ட, செரிபா அவன் முதுகில் அறைய, இரண்டு அணிக்கும் எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்பதே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஆட்டமாக நடந்தது. திராவோரே ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்த முறையிலும் இல்லை. செரிபா திரும்பிய பக்கமெல்லாம் சுவர் மாதிரி வந்து நின்று, நின்ற இடத்திலிருந்து திட்டினான். செரிபாவின் கால் பழைய கால் ஆயிற்று. முட்டி வலித்ததா என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரம் இல்லை. பதில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

கடைசி நிமிஷங்கள். வலது பக்கம் கார்னர், அந்த இளைஞன் பந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.  செரிபாவின் தோளோடு தோள் ஒட்டித் திராவோரே. எம்பினால் அவன்தான் உயரம். ஜெயிக்க வழியே இல்லை.

"திராவோரே," என்றான் செரிபா மூச்சு வாங்க, "நீ பொறந்த கதை தெரியுமா?"

"வாயை மூடு. பந்தைப் பாரு."

"மருத்துவச்சி வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு உங்க அப்பாகிட்ட சொன்னாளாம், 'பயப்படாதீங்க, காராமணி வாயுதான், இஞ்சித் தண்ணி குடுங்க'ன்னு. நீ அழுத பிறகுதான் புள்ளைன்னே தெரிஞ்சுதாம்."

திராவோரேவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் இல்லை, விக்கலும் இல்லை. பந்து உயர்ந்து வந்தது, எம்ப வேண்டிய நேரத்தில் அவன் வயிறு குலுங்கிவிட்டது. அந்த ஒரு கணத்தில் செரிபா தனியாக எழுந்தான். நெற்றியில் பந்து பட்டது. வலை புடைத்தது.

வாதி ஹஜர் மைதானம் சத்தம் இல்லாமல் போயிற்று. ரஸ் ஸம்ராவிலிருந்து வந்த இரண்டு பஸ் கூட்டம் மட்டும் கத்தியது. திராவோரே புல்லின் மேல் மல்லாந்து கிடந்தான். அடிபட்டுவிட்டது என்று மருத்துவர் பையோடு ஓடிவந்தார். பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"நடுவரே, இது செல்லாது," என்றான் படுத்தபடியே. "சிரிக்க வச்சுட்டான்."

"சிரிக்க வைக்கிறது தப்புன்னு விதியில இல்லை," என்றார் நடுவர். செரிபா அதைப் பிரெஞ்சில் சொல்லியிருந்தபடியால் அவரும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் நின்றார்.

ஒன்றுக்குச் சுழியம். முடிவு விசில். ரஸ் ஸம்ரா ஃபைனலுக்குப் போயிற்று.

உடைமாற்றும் அறையில் ஹாஜ் தய்யிப் செரிபாவின் முட்டியை, ஆலையில் வந்த மூட்டையைப் பார்ப்பது போல ஒருமுறை பார்த்தார். "இன்னொரு வருஷம். சொன்னா சொன்னதுதான்," என்றார். கதை அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது போலும். தயங்கி, "அந்த மருத்துவச்சி கதை உண்மையா?" என்று கேட்டார்.

"இல்லை, ஹாஜ். வாயில வந்துச்சு."

"நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செரிபா வெளியே வந்தபோது ரஸ் ஸம்ரா அணியின் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் படியில் கால் வைத்தபடி திராவோரே நின்றுகொண்டிருந்தான். தோற்றவன் முகம்தான். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. அது சிரிப்பால் மட்டும் இல்லை என்று செரிபாவுக்குத் தெரிந்தது. அவனுக்கும் வயசு ஏறுகிறது. அவனும் ஒரு ஃபைனலையும் பார்த்ததில்லை.

"ஸி பெஷீர் என்ன சொன்னார்?" என்றான் செரிபா.

"ஏன் சிரிச்சேன்னு கேட்டார். கதையைச் சொன்னேன். கோபமா இருக்கணும்னு ரொம்ப முயற்சி பண்ணினார், பாவம்."

செரிபாவுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. தூனிஸில் அந்த அறையில் அவன் பேசியதற்கு, கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு அவன் கேட்ட கேள்விக்கு, அந்த ஒரு வருஷத்துக்கு. ஆனால் ஜாரா திராவோரேவிடம் நன்றி சொல்வதாவது. அப்படிச் சொன்னால் அவன் பயந்துவிடுவான். உடம்புக்கு என்ன என்று கேட்பான்.

"ஃபைனலுக்கு வந்து சேரு," என்றான் செரிபா. "முன் வரிசையில இடம் போட்டு வைக்கறேன். எனக்குக் கேக்கற மாதிரி திட்டணும். போன தடவை மாதிரி முணுமுணுக்கக் கூடாது."

"டிக்கெட்?"

"நான்தான் வாங்கணும், வேற யாரு."

திராவோரே படியிலிருந்து காலை எடுத்தான். இவன் இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று யோசிக்கிறவன் போலச் செரிபாவை மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றான்.

"வண்டி ஏறணும். வழியை விடுடா, காராமணி," என்றான் செரிபா. திராவோரே நிம்மதியாக வழியை விட்டான்.